ஐந்தாம் பலகையை மறைத்தது யார்?

மேடையில் வீற்றிருக்கும் நஜ்மா தமிழ் நேசர் மன்றத் தலைவர் முகம்மது ரிபாய் அவர்களே! துணைத் தலைவரும் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் ஃபோர்மேனுமான மகேசன் அவர்களே! டூட்டி முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து பின்னால் நிற்கும் தோழர்களே! வாப்பாவை அபூ ஹமூர் மையவாடியில் அடக்கிவிட்டுப் பத்து நாள்கூட ஆகாத நிலையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி சாகிர் அவர்களே! கணவரை இழந்து, கீழக்கரை வீட்டை விட்டு வெளிவராமல் இத்தா இருந்தபடி, சாகிரின் கையிலுள்ள போன் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரி ஹாலிதா அவர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வரவேற்புரையில் என்னை “மர்ஹூம் சதக்கத்துல்லா அவர்களின் நெருங்கிய நண்பர் வெங்கட்ராமன்” என்று சொன்னார்கள். அந்த மரியாதையை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன். ஹெல்மர் கார் ஷோரூமில் நான் அவருடைய மேனேஜர். இருபத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம் என்பது உண்மை. நண்பனாக நான் நடந்துகொண்டேனா? அதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஹாலில் இருக்கும் பலருக்கும் தெரிந்த ஒரு பேச்சு உண்டு. மேடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் பேசிய மூவரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சதக் பாய் ஸ்டோரில் கைவைத்தார், அதனால்தான் அவரை யார்டுக்கு மாற்றினார்கள் என்ற பேச்சு. இரண்டு வருடமாக இந்த நஜ்மா பகுதியின் ரூம்களிலும் மெஸ்களிலும் அது சுற்றுகிறது. அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று முழுவதும் தெரிந்தவன் நான். அதைச் சொல்லத்தான் இங்கே ஏறியிருக்கிறேன்.

ஹெல்மர்! இந்தப் பெயரைக் கேட்டிராதவர் இங்கே உண்டா? திராட்சைத் தோட்டங்களுக்குப் பம்பு ரிப்பேர் பார்த்த அகஸ்ட் ஹெல்மர் என்பவர், ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஊரில் பதினொரு ஆட்களோடு தொடங்கிய பட்டறை அது. 1924. ஏழு வருடம் கழித்து முதல் கார். போருக்குப் பின் இடிந்த கட்டடத்தில் அலுமினியப் பாத்திரமும் கைவண்டியும் செய்து உயிர் பிழைத்தார்கள். பிறகு குடும்பக் கார், பிறகு உலகமெங்கும் பெயர். எழுபதுகளில் இந்த வளைகுடாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியது. ஐம்பது டிகிரி வெயிலில் மற்ற வண்டிகள் எல்லாம் பானெட்டைத் திறந்துகொண்டு ஓரம்கட்ட, ஹெல்மர் மட்டும் ஏசியோடு போய்க்கொண்டிருக்கும் என்றார்கள். நம் ஊர்களில் வரன் பார்க்கும்போதுகூட, “மாப்பிள்ளை ஹெல்மர் கம்பெனியில்” என்றால் பெண் வீட்டார் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள்!

கவனித்தீர்களா? போர்க்காலத்தை ஒரே தாவலில் தாண்டிவிட்டேன். வருடக்கணக்காக வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் சொல்லி வந்தேன். நாக்குக்குப் பழகிவிட்டது.

அந்தப் பெயரை இந்த ஊரில் சம்பாதித்துக் கொடுத்தது யார்? அகஸ்ட் ஹெல்மரா? ஒரு ரமலான் மாலை. நோன்பு திறக்க இன்னும் கால்மணி நேரம்கூட இல்லை. ராஸ் லஃபானில் வேலை பார்க்கும் ஓர் இன்ஜினியரின் வண்டி எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றுபோனது. உள்ளே பிரசவ வலியில் மனைவி. ஸ்டோர் பூட்டியாகிவிட்டது. ரூமுக்குக் கிளம்பிய சதக் பாய் திரும்பி வந்து ஸ்டோரைத் திறந்தார். எந்த ஷெல்ஃப், எந்தத் தட்டு என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமலே பெல்ட்டை எடுத்தார். மெக்கானிக் இல்லாததால் மகேசனோடு சேர்ந்து அவரே மாட்டினார். பாங்கு சொன்னபோது பாய் கிரீஸ் படிந்த கையைப் பேரீச்சம்பழப் பெட்டியில் விட முடியாமல் நிற்க, கையைத் துடைத்துக்கொண்டு மகேசன்தான் ஒரு பழத்தை எடுத்து அவர் வாயில் வைத்தார். அந்த இன்ஜினியர் போகும்போது என்ன சொன்னார் தெரியுமா? “ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்!” பாய் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

அப்படிப்பட்டவரை நான் என்ன செய்தேன்?

கம்பெனிக்கு நூறு வருடம் ஆனபோது, எல்லா நாட்டு ஷோரூம்களுக்கும் தலைமையகம் தன் வரலாற்றைப் பன்னிரண்டு பலகைகளில் படத்தோடு அச்சிட்டு அனுப்பியது. எங்களுக்கு வந்த மரப்பெட்டியைப் பிரித்து, எல்லாம் நல்ல நிலையில் வந்தன என்று கையெழுத்திட்டவர் ஸ்டோர் சூப்பர்வைசர் சதக்கத்துல்லா. ஐந்தாம் பலகையில் ஒரு புகைப்படம். மரக் கொட்டகைக்கு முன்னால் வரிசையாக நிற்கும் பெண்கள். எல்லோர் சட்டையிலும் ஒரு துணி அட்டை. போர்க்காலத்தில் போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். நாலாயிரத்துக்கும் மேல். ஹெல்மர் தொழிற்சாலையில் ராணுவ லாரிகள் செய்ய வைக்கப்பட்டவர்கள். பலர் திரும்பிப் போகவில்லை. இதையெல்லாம் கம்பெனியே தன் வாயால், தன் செலவில் அச்சடித்து அனுப்பியிருந்தது.

நான் பார்த்தேன். பதறிப்போனேன். ஷேக்குகளும் அமைச்சக அதிகாரிகளும் வந்து காபி குடிக்கும் ஷோரூமில் இதை மாட்டுவதா? கம்பெனி பெயர் என்ன ஆகும்? ஐந்தைத் தள்ளி வைத்துவிட்டு, இடைவெளி தெரியாமல் மற்ற பதினொன்றையும் நெருக்கி மாட்டச் சொன்னேன். கம்பெனிக்கு இல்லாத வெட்கம் எனக்கு வந்தது பாருங்கள்! அவர்கள் ஒப்புக்கொண்டதை நான் அவர்களுக்காக மறைத்தேன். எவ்வளவு பெரிய விசுவாசி நான்!

சதக் பாய் என் கேபினுக்கு வந்தார். கதவருகே நின்றபடியே கேட்டார்.

“சார், அஞ்சாம் நம்பர் போர்டு கீழயே இருக்கே?”

“அது வேண்டாம் பாய். கம்பெனி பேர் கெட்டுரும்.”

“எழுதி அனுப்புனதே கம்பெனிதானே சார்?”

“இங்க உள்ளவங்களுக்கு அது எதுக்கு? நீங்க போய் வேலையப் பாருங்க.”

அவர் போகவில்லை. “அந்தப் பொம்பளைங்களும் கம்பெனி ஆளுங்கதானே சார்? நூறு வருசம்னு கொண்டாடுறப்ப அவங்கள மட்டும் வெளிய நிறுத்துறது நல்லாவா இருக்கு?” என்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேம்ப்களில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் தங்கி வேலை பார்க்கும் இந்த மண்ணில், முப்பது வருடத்துக்கு முன்னால் தகரக் கூரை ரூமில் பதினாறு பேரோடு படுத்திருந்த நான், அந்தக் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விழா நாள். தலைமையகத்திலிருந்து ஒரு ஜெர்மன் அம்மையார் வந்திருந்தார். பழைய ஆவணங்களைக் காக்கும் பிரிவின் பொறுப்பாளர். எங்கள் ஷோரூமின் அரபி முதலாளியோடு ஒவ்வொரு பலகையாகப் பார்த்து வந்தவர் நின்றார். “ஐந்து எங்கே?” என்றார்.

“வரும் வழியில் உடைந்துவிட்டது” என்றேன். கூசாமல் சொன்னேன்! அந்த அம்மையார் தன் ஃபைலைப் புரட்டினார். நல்ல நிலையில் வந்தன என்ற ரசீது அதில் இருந்தது. “இதில் கையெழுத்திட்ட சதக்கத்துல்லா யார்?” என்றார்.

டீ மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த பாய் முன்னால் வந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் தன்னைக் காப்பாற்றுவேன் என்று ஒரு கணம் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “உடையல மேடம். ஸ்டோர்ல பத்திரமா இருக்கு. இப்பக் கொண்டு வர்றேன்.” டிராலியில் வைத்து, மேலே துணி போர்த்தி, அவரே தள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மையார் அவரோடு சேர்ந்து ஒரு பக்கம் பிடித்து அதை மாட்டினார். “எங்கள் ஊரிலும் இதை நாற்பது வருடம் மறைத்தார்கள். தொழிற்சாலை வாசலில் அந்தப் பெயர்களைப் பொறிக்க நாங்கள் நிறையச் சண்டை போட வேண்டியிருந்தது” என்று அவரிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “விருந்தாளி முன்னால் என்னைத் தலைகுனிய வைத்தது யார்?” என்றார். என் வேலை, என் மகளின் காலேஜ், என் வீட்டுக் கடன் எல்லாம் கண்முன் வந்தன. அவர் முன்னால் நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். “ஸ்டோர்காரர் மறைத்து வைத்திருந்தார். உடைந்துவிட்டது என்று அவர்தான் என்னிடம் சொன்னார்.”

(ரிபாய் அவர்களே, துண்டுச்சீட்டு வந்தது. நேரம் ஆகிறது என்று தெரியும். தயவுசெய்து என்னை உட்காரச் சொல்லாதீர்கள். இன்று உட்கார்ந்தால் இன்னொரு நாள் எழுந்திருக்க எனக்குத் தைரியம் வராது.)

வார்னிங் லெட்டரை நானே டைப் செய்தேன். “நிறுவனத்தின் பொருளை மறைத்து வைத்தார்” என்று எழுதினேன். பாய் அதை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. “சார், கவனக்குறைவுன்னு போடுங்க, கையெழுத்துப் போட்டுர்றேன். மறைச்சேன்னு மட்டும் போடாதீங்க” என்றார். நான் என்ன சொன்னேன்? “ஃபார்மாலிட்டிதான் பாய், இத யார் படிக்கப் போறா?” என்றேன். அவர் பேனாவை எடுத்தார். “சாகிரு விசாவுல மட்டும் எதுவும் பண்ணிராதீங்க சார்” என்றார். கையெழுத்திட்டார்.

தம்பி சாகிர், நீங்கள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து அப்போது மூன்று மாதம். இது உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் நீங்கள் என் சட்டையைப் பிடித்திருப்பீர்கள். அதைத் தடுக்கத்தான் வாயைத் திறக்கவில்லை.

யார் படிக்கப் போகிறார் என்றேன் அல்லவா? ஆபீஸில் ஒருவர் படித்தார். மெஸ்ஸில் சொன்னார். ‘பொருளை மறைத்தார்’ என்பது ஒரே வாரத்தில் ‘பார்ட்ஸை எடுத்தார்’ ஆனது. ஒரு மாதத்தில் ஜித்தாவின் ஷரஃபியா வரை, அங்குள்ள கீழக்கரைக்காரர்களின் கடைகள் வரை போனது. அதைக் கேட்டு, பாயின் மகள் நஜீஹாவுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றது. இருபத்தாறு வருடம் ஏசி ஸ்டோரில் எல்லாருக்கும் பதில் சொன்ன மனிதர், இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் திறந்தவெளி யார்டில் புது வண்டிகளுக்குத் தூசி தட்டினார். மதிய வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்ற சட்டத்தை நாங்கள் மீறவில்லை. காலை ஒன்பது மணிக்கு வெயில் இல்லையா? மாலை நாலு மணிக்கு இல்லையா? இரண்டு கோடை அவர் அதில் நின்றார். ஒருநாள் விடிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் ரூமிலேயே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றது, யாருக்கும் எப்போதும் வரலாம் என்றார் டாக்டர். அந்த வார்த்தையின் நிழலில் நான் ஒதுங்கப் போவதில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஹாலிதா அம்மா எனக்குப் போன் செய்தார்கள். அழவில்லை. “அண்ணே, பாக்கிச் சம்பளம் அது இதுன்னு ஒண்ணும் கேக்க வரல. ஒண்ணே ஒண்ணுதான். ஊர்ல பேசிக்கிறாக. அவுக கம்பெனிப் பொருள எடுத்தாகளா? எடுத்திருந்தாலும் சொல்லிருங்க. திருப்பிக் குடுத்துர்றோம். கடனோட அவுகள அனுப்ப முடியாது” என்றார்கள்.

நான் என்ன பதில் சொன்னேன்? “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்தேன். மீட்டிங் எதுவும் இல்லை. ஒரு விதவையின் கேள்விக்கு முன்னால் நிற்க முடியாமல் அறுபது வயதுக்காரன் ஓடினேன்.

இங்கே வரும் வழியில் மகேசன் என்னிடம் சொன்னார்: “சேர், மேடையில ஏறி நல்லதா நாலு சொல்லிப்போட்டு இறங்கிடாதேங்கோ. அண்டைக்கு நாங்களும் பாத்துக்கொண்டுதான் நிண்டனாங்கள்.” அவருக்கு நன்றி.

நேற்றுக் காலை முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “கலாஸ், முடிந்தது, ஆள் போய்விட்டார், இனி எதற்கு?” என்றார். “அவர் பெயர் இன்னும் இங்கே இருக்கிறது” என்றேன். அந்த லெட்டரைத் திரும்பப் பெற்று, பொய் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எனக்கு அங்கே இனி வேலை இருக்காது. இரண்டு வருடம் தள்ளி வந்த கணக்கு அது, பரிதாபப்பட ஒன்றுமில்லை.

இந்த மாதிரிக் கூட்டங்களில் முடிக்கும்போது, மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்போம். அவருடைய பணியைத் தொடர எனக்கு யோக்கியதை இல்லை. உங்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். அந்தப் பொய் இந்த ரூம்களிலிருந்துதான் கிளம்பிக் கடல் தாண்டிப் போனது. நிஜத்தையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இன்று இரவு ஊருக்குப் போன் பேசும்போது சொல்லுங்கள். ஜித்தாவுக்குச் சொல்லுங்கள். நஜீஹாவை வேண்டாம் என்றவர்களுக்குச் சொல்லுங்கள். பெயரை விட்டுவிட்டு “யாரோ ஒரு மேனேஜர்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சாகிர், போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடியுங்கள்.

ஹாலிதா அம்மா, அன்று நீங்கள் கேட்டதற்கு இப்போது, இவ்வளவு பேர் முன்னால் பதில் சொல்கிறேன். உங்கள் கணவர் எதையும் எடுக்கவில்லை. எதையும் மறைக்கவில்லை. யாருக்கும் அவர் கடன் படவில்லை. மறைத்தவன் நான். என் பெயர் வெங்கட்ராமன்.