எலி சொன்ன நேரம்

என் கைக்கடிகாரத்தை ஸ்டேஷன் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பரவாயில்லை. ஆனால் அது ஒரு நாளைக்கு நான்கு விநாடி முந்தி ஓடும். சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டும்போது இதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். என் குறிப்பேட்டில் இருக்கும் நேரங்களை யாராவது சரிபார்க்க நினைத்தால் குழப்பம் வரக்கூடாது.

கடல் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அந்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலில் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி ஒன்று எக்கச்சக்கமாகப் பெருகும். சிப்பி பாவம், வருகிற தண்ணீரையெல்லாம் வடிகட்டிப் பாசியைத் தின்னும். பாசியின் விஷம் அதன் சதையில் சேரும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தின்கிறவனுக்குத்தான் ஆகும். முதலில் உதடு மரத்துப்போகும். பிறகு விரல்கள். பிறகு நாக்கு குழறும். கடைசியில் மூச்சுவிடும் தசைகள் ஓய்ந்துபோகும். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது, ருசியிலும் தெரியாது. மாற்று மருந்து கிடையாது. ஆனால் ஆளுக்குச் செயற்கையாக மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒன்றிரண்டு நாளில் உடம்பு தானாக மீண்டுவிடும். இது எனக்குத் தெரியும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

திங்கட்கிழமைதோறும் பண்ணைகளிலிருந்து சிப்பி வரும். சதையை எடுத்துக் கழுவி, அரைத்து, அமிலம் விட்டுக் காய்ச்சி, தெளிந்த சாற்றை மூன்று வெள்ளெலிகளின் வயிற்றில் ஊசியால் ஏற்றுவேன். ஊசியை எடுத்ததும் நிறுத்துகடிகாரத்தை ஓடவிடுவேன். எலி கடைசி மூச்சு வாங்கியதும் நிறுத்துவேன். அந்த நேரத்தை அட்டவணையில் பார்த்தால் விஷத்தின் அளவு கிடைத்துவிடும். எது கடைசி மூச்சு என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எலி அடங்கிவிட்டதுபோலத் தெரியும். பிறகு இன்னொரு தடவை வாயைத் திறக்கும். அவசரக்காரன் முதல் தடவையிலேயே கடிகாரத்தை அழுத்திவிடுவான். நான் ஒருநாளும் அப்படி அழுத்தியதில்லை.

கூடத்தில் என்னை எலி சார் என்பார்கள். வீட்டிலும் அந்தப் பெயர் பரவிவிட்டது. என் மனைவியின் அக்கா கணவர், என் சகலை, என்னைப் பார்த்தாலே, "வாங்க எலி சார், இன்னிக்கு எத்தனை கொலை?" என்பார். நல்ல மனிதர். சிரித்தால் வயிறு குலுங்கும். எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு பீரோ அளவில் ஒரு கருவி வந்தது. அதோடு அதை நடத்த ஒரு மேடம் வந்தார். என் வயதில் பாதி. மரியாதையானவர், என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். கருவி நல்ல கருவிதான். அதற்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். பட்டியலில் இருக்கும் விஷத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடும். பட்டியலில் இல்லாத விஷம் வந்தால் ஒன்றுமே இல்லை என்று சொல்லும். எலிக்குப் பட்டியல் தெரியாது, அது பாட்டுக்குச் செத்துப்போகும்.

இதை நான் பலமுறை சொன்னேன். போன வருடம் ஒரு பண்ணையின் சிப்பியில் மூன்று எலியும் செத்தன. நான் எச்சரிக்கை கொடுத்தேன். அந்தப் பண்ணை இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. கருவியோ ஒன்றும் இல்லை என்றது. கடைசியில் பார்த்தால் அந்தச் சிப்பியில் துத்தநாகம் அதிகமாம். மனிதனுக்கு அதனால் கெடுதல் இல்லை, எலி மட்டும் தாங்காது. கூட்டத்தில் மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், எலி சாகுதுன்னு தெரியுது. எதனால சாகுதுன்னு எலி சொல்ல மாட்டேங்குதே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வலித்தது. ஒரு வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது.

அந்தக் கூட்டம் நடந்த அடுத்த மாதமே எலிச் சோதனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மிச்சம் இருந்த எலிகளைக் கணக்குத் தீர்க்கச் சொன்னார்கள். தீர்த்துவிட்டதாக எழுதி, சிலவற்றைப் பழைய சாமான் அறையில் வைத்து வளர்த்தேன். குட்டி போட்டுப் பெருகின. என் மதியச் சோற்றில் கொஞ்சம் அவற்றுக்குப் போகும். நான் செய்த ஒரே முறைகேடு அதுதான்.

மூன்று வாரத்துக்கு முன்பு, வழக்கம்போல ஒரு திங்கட்கிழமை. வடக்குக் குடாவின் சிப்பி வந்தது. கருவி ஒன்றும் இல்லை என்றது. பழக்கதோஷத்தில் மீந்த சாற்றை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனேன். முதல் எலி இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. இரண்டாவது இரண்டு நாற்பது. மூன்றாவது மூன்று நிமிடம் ஐந்து விநாடி. அவ்வளவு சீக்கிரம் செத்த எலிகளை என் அனுபவத்தில் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன். இந்த முறை ஏமாறக்கூடாது என்று உலோகப் பிரிவில் கொடுத்துத் துத்தநாகமும் பார்த்தேன். துத்தநாகம் இல்லை.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். போனேன். அவர் தொலைபேசியில் இருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார், இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிடம் என்று அர்த்தம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். இரண்டு நிமிடம் முடிந்தது. அவர் பேச்சு முடியவில்லை. நான் என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். மூன்று மணிக்கு, குடா சுத்தம் என்று அறிக்கை போனது.

நான் யோசிக்காமல் இருக்கவில்லை. சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் கொஞ்சம் பேருக்கு உடம்பு முடியாமல் போகும், மேடத்துக்குத் தானாகப் புரியும். எலிச் சோதனை திரும்ப வரும். வருகிற வருடங்களில் எத்தனையோ உயிர் பிழைக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம்தான். உடம்பு முடியாமல் போகும் என்று இப்போது சொன்னேன். திருத்திக்கொள்ளுங்கள். அட்டவணையைப் பார்த்திருந்தேன். சாவார்கள் என்று தெரியும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்: "இந்த வாரம் சிப்பி வாங்காத. எனக்கு வயிறு சரியில்ல."

"உங்க வயித்துக்காக நான் எதுக்கு வாயக் கட்டணும்?" என்று சிரித்தாள். ஆனாலும் வாங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. அக்கா வீட்டில் இருந்தாள். சகலையை அவள் மாமா என்பாள். "என்னங்க, மாமா சிப்பி வாங்கிட்டு வந்திருக்காரு. உங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. நான் ஒரு தட்டு முடிச்சிட்டேன்."

"எந்தக் குடாவோடது?"

"வடக்குக் குடாதான். நல்லா பெருசு பெருசா இருக்கு."

"எத்தன சாப்பிட்ட?"

"யாராச்சும் எண்ணிட்டா சாப்பிடுவாங்க?"

"தோராயமா சொல்லு."

"பன்னெண்டு, பதினஞ்சு இருக்கும். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்," என்றேன். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டேன். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் போனபோது சகலை சாய்வு நாற்காலியில் கிடந்தார். நாக்கு குழற, "எலி சார், வாயே மரத்துப்போச்சு. எனக்கும் ஊசி போட்டுட்டீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார். மனைவி விரல்களை உதறிக்கொண்டிருந்தாள். அவள் அக்காவுக்குச் சிப்பி பிடிக்காது, அதனால் ஒன்றும் இல்லை. அக்காதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். நான் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். "சிப்பி சாப்பிட்டாங்க டாக்டர். ஆனா அந்தக் குடா சுத்தம்னு எங்க கூடத்துலயே ரிப்போர்ட் குடுத்திருக்கோம்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டாக்டர் என்மேல் நம்பிக்கை வைத்து வேறு காரணம் தேடினார். மூளையைப் படம் எடுக்கச் சொன்னார். சகலை அந்த அறை வாசலில், தள்ளுவண்டியில், முறைக்குக் காத்திருக்கும்போது போய்விட்டார். அன்று மாலைக்குள் ஊரில் இன்னும் மூன்று பேர். அவர்களை எனக்குத் தெரியாது.

மேடத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அழுதாராம். இப்போது அவருக்குப் புரிந்திருக்கும். எலிகள் திரும்ப வருமா என்பது மட்டும் யாரும் சொல்லவில்லை.

என் மனைவி பிழைத்துவிட்டாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியின் மூச்சுக் கருவி அவளுக்கு மூச்சுக் கொடுத்தது. பேச்சு வந்ததும் அவள் முதலில் கேட்டது என் குறிப்பேட்டை. கொடுத்தேன். நர்ஸ் மூலமாக அதை உங்களிடம் சேர்த்தவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் கோபம் இல்லை. ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. இந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடும், அறிவு தெளிவாக இருக்கும். கண்ணிமையைக்கூட அசைக்க முடியாமல் கிடந்தாலும் நடப்பதெல்லாம் தெரியும், கேட்கும். இருபத்தாறு வருடத்தில் எந்த எலியும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

அவள் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். திரைக்குப் பின்னால் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோமாம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். அந்த ஒரு இடம் தவறு. திருத்த வேண்டும். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அவள் மூச்சு நின்றதுபோலத் தெரிந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை, நேரத்தையும் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவள் இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். அப்போதுதான் நர்ஸ் திரையை விலக்கிவிட்டு உள்ளே வந்தாள். குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே கடைசி மூச்சுக்கான கட்டம் காலியாகத்தான் இருக்கும், பாருங்கள். அவசரக்காரனாக இருந்தால் முதல் தடவையிலேயே எழுதியிருப்பான்.