இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

அவைத்தலைவர் அவர்களே, துறைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி பெர்னடெட் ஓ டோரன் அவர்களே, கால்வேயின் இந்த மழையிலும் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பேராசிரியர் மலாக்கி ஓ டோரன் என்ன செய்தார்? முப்பத்தோர் ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்தார். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரிஷ் மொழியில் 'நான்', 'நீ', 'அவர்கள்' என்பதை எப்படி எழுதினார்கள், ஆட்களை எந்தச் சொல்லால் எண்ணினார்கள், மாடுகளை எந்தச் சொல்லால் எண்ணினார்கள் என்று ஏடு ஏடாகத் தேடினார். கிடைத்த ஒவ்வொரு சான்றையும் ஒரு சீட்டில் எழுதி அடுக்கினார்.

"மலாக்கி, எண்ணுறதுல ஊரே பத்துக்குப் போயிடுச்சு. நீ இன்னும் மூணுலயே நிக்கிறியே" என்று கிண்டல் செய்வேன்.

"நாலுக்குச் சான்று போதலை" என்பார், சிரிக்காமல்.

உழைப்பாளியா? ஆம். பொறுமைசாலியா? அதை நான் சொல்ல மாட்டேன். சீட்டின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தவரோடு ஒரு வாரம் பேச மாட்டார். நான் இரண்டு முறை வைத்திருக்கிறேன்.

சென்ற அக்டோபரில், அவருடைய நூல் அச்சுக்குப் போகவிருந்த வாரம், என் அறைக்கு வந்தார். நோய் முற்றியிருந்தது. கையில் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். பழைய ஏடு ஒன்றின் பெயர் அவற்றில் இருந்தது. ஆனால் சான்றுகள் அந்த ஏட்டிலிருந்து வந்தவை அல்ல. இருநூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் அதைப் பார்த்து எழுதிய படியிலிருந்து வந்தவை. அந்த மனிதர் எண்ணுச் சொற்களையெல்லாம் தன் காலத்துப் பேச்சுக்கு மாற்றிவிட்டிருந்தார்.

"விடு மலாக்கி. உலகத்துல இதைப் படிக்கிறதே நாப்பது பேரு. யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்றேன்.

"அந்த நாப்பது பேரும் நம்புவாங்களே, டெர்வ்லா."

எண்கள் பற்றிய இயலை எடுத்துவிட்டார். அது இல்லாமலே நூல் வரட்டும் என்றார். முன்னுரையில் ஒரு வரி சேர்த்தார்: 'பிழை என்னுடையது.' அதிலிருந்து நான்காம் மாதம் போய்ச் சேர்ந்தார்.

தோழர்களே, அந்த வரி உண்மையல்ல. மலாக்கி எழுதிய ஒரே பொய் அதுதான். அந்தச் சீட்டுகளை டப்ளின் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியவள் நான். மூல ஏட்டில் புகைக்கறை, எழுத்து தெரியவில்லை. தெளிவான படி பக்கத்திலேயே இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. படியைப் பார்த்து எழுதினேன், மேலே மூலத்தின் பெயரைப் போட்டேன்.

பத்தொன்பது ஆண்டுகள் எதிர் மேசையில் இருந்தவருக்கு என் கையெழுத்து தெரியாதா? சீட்டுகளை என் முன்னால் வைத்துவிட்டு, நான் சொல்வேன் என்று நின்றார். நான் சொன்னதோ, "விடு மலாக்கி." அதற்குப் பிறகு நான்கு மாதங்கள் இருந்தன. அப்போதும் சொல்லவில்லை.

பெர்னடெட், எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த பதிப்பின் முன்னுரையில் அந்த வரியை 'பிழை டெர்வ்லாவுடையது' என்று மாற்றும்படி இன்று காலை அச்சகத்துக்கு எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை டப்ளின் போகிறேன். அந்த இயலை முடிக்கும் பொறுப்பு இனி என்னுடையது. மூல ஏட்டைக் கேட்டு வாங்கி, முதல் சீட்டிலிருந்து எழுதுவேன். எழுத்து தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதுவேன்.