சிவப்புப் பெட்டிச் சன்னம்

எண்பதுகளின் நடுவில், ஒரு வேட்டைக் காலம். சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ரயில் ஏறியபோது பின் இருக்கையில் இருவர் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவர்கள். இளையவர் சொன்ன முதல் வசனத்திலேயே என் பத்திரிகை மடியில் இறங்கிவிட்டது.

“சிவப்புப் பெட்டியில வாற துவக்குச் சன்னத்தால சுட்ட மானை இனி வெட்டமாட்டன் எண்டு முதலாளிக்குச் சொல்லிப்போட்டன், அண்ணை.”

“உனக்கென்ன விசரோ? வேட்டைக்குப் போறது அவர். எந்தச் சன்னம் வாங்கிறதெண்டு நீயோ சொல்லுறது?”

“ஓம், நான்தான் சொல்லுவன். அது உள்ளுக்குப் போய்ச் சிதறுது. தொடை முழுக்க ஈயத் துண்டு. இருந்து பொறுக்கிறது ஆர், அவரோ? பச்சைப் பெட்டி எண்டால் ஒரே ஓட்டை, மற்றப் பக்கத்தால வெளியில போயிடும். அதை வாங்கட்டும்.”

“வேலையால நிப்பாட்டினா? உன்ர அகதி வழக்கும் முடியேல்லை.”

“நிப்பாட்டட்டும்.”

“அவர் என்ன சொன்னவர்?”

“நீ எப்பவாவது துவக்குப் பிடிச்சனியோ எண்டு சிரிச்சார். இல்லையெண்டு சொல்லிப்போட்டு, போட்டிருந்த சேட்டைக் கழட்டி முதுகைக் காட்டினன். ‘இது எந்தப் பெட்டியெண்டு தெரியாது. ரெண்டு துண்டு இன்னும் உள்ளுக்கு இருக்கு’ எண்டன்.”