மூன்றாவது ஓலை

எனக்குச் சர்க்கரை உண்டு. டீயில் சீனி வேண்டாம் என்று அந்தக் கான்ஸ்டபிளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சார். மற்றபடி இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பேர் மரியராஜ். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் கிளார்க். வருகைப் பதிவேடு என் கையில்தான். ஓர் ஆள் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது.

ரிட்டயரானதும் மகள் லேப்டாப் வாங்கித் தந்தாள். ஜெபமாலை கேட்கச் சொன்னாள். நான் வில்லங்கம் பார்த்தேன். சர்வே நம்பரைத் தட்டினால் போதும், அந்த இடத்தை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று முப்பது வருஷக் கதை வந்து விழும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சர்க்காரே திறந்து வைத்திருக்கிறது. நான் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை.

எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. மனுஷனுக்கே வாசிக்கிறோம், மண்ணுக்கு வாசித்தால் என்ன என்று தோன்றியது. பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் நின்று வில்லங்கம் வாசிக்க ஆரம்பித்தேன். நல்ல கூட்டம். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட எனக்கு முழித்திருந்தார்கள். ஆலன் வாத்தியார் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு மூன்று மாடி வீடு. வில்லங்கம் போட்டால் அவன் பேரில் இருந்தது மாடிப்படி மட்டும். கல்யாணம் நின்றது. அவன் இன்றைக்கும் படியில்தான் உட்கார்ந்திருக்கிறான். கோயில் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அழகுபாண்டி, “அண்ணே, எனக்கு மட்டும் போட்டுறாதீக. ஒண்ணுமே வராது, கடை புறம்போக்கு” என்பான்.

ஐரின் விஷயம். அவள் நர்ஸ். கிறிஸ்துமஸிலிருந்து பூசைக்கு வரவில்லை. புருஷன் ஆன்றோ இரண்டு தடவை அவள் கையை முறித்திருக்கிறான், அது எல்லோருக்கும் தெரியும். எங்கே போனாள் என்பதுதான் தெரியவில்லை. பங்குச் சாமியாரைக் கேட்டால், “பத்திரமா இருக்கா, அம்புட்டுதான்” என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

பரவைக்குப் போகிற பஸ்ஸில் அவளைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். தவக்காலத்தில் ஆளாளுக்கு எதையாவது விடுவார்கள். நான் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, பரவையில் ஒன்றாம் சர்வே நம்பரிலிருந்து தட்டினேன். இருநூற்றுப் பதினாறில் ஐரின் இருந்தாள். மூன்று சென்ட், சின்ன வீடு, அவள் பேரில் கிரயம்.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு வாசித்தேன். நாலாம் நாள் அவளே என் வீட்டுக்கு வந்தாள். விரித்த குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள்.

“அய்யா, அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுருங்க. ஒளிஞ்சு இருக்கத்தான் அந்த வீட்டை வாங்குனேன்.”

“ஒளியணும்னா வாடகைக்குல்ல போயிருக்கணும்? சொந்தமா வாங்குனா சர்க்கார் எழுதத்தானம்மா செய்யும்.”

“வாடகைக்கு மூணு வீடு பாத்தாச்சு. மூணுலயும் வாசல்ல வந்து நின்னு கத்துனாரு. வீட்டுக்காரங்க, எங்களுக்கு எதுக்கும்மா வம்புன்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சொந்த வீடுன்னா என்னைய யாரும் போகச் சொல்ல முடியாதுல்ல.”

நியாயமான பேச்சுதான். மோர் கொடுத்து அனுப்பினேன். ஆனால் ஓலை என்றால் மூன்று. ஒன்றோடு நிறுத்தினால் அரைகுறை வேலை.

இரண்டாவது ஞாயிறு கூட்டம் குறைவு. யாரும் சிரிக்கவில்லை. அழகுபாண்டி பால் தீர்ந்துவிட்டது என்றான். பால் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் குறை எங்கே என்று எனக்குப் புரிந்தது. சம்பந்தப்பட்ட ஆள் காதில் விழாமல் அது என்ன ஓலை? ஆன்றோ கோயில் பக்கம் வந்து வருஷமாகிறது. போன் போட்டேன்.

“தம்பி, இந்த ஞாயிறு பூசைக்கு வந்துரு. உனக்கு வேண்டிய ஓலை ஒண்ணு இருக்கு.”

குளித்து, சலவைச் சட்டை போட்டு வந்தான். ஓர் ஆட்டை மந்தைக்குத் திருப்பிக் கொண்டுவந்ததற்குச் சாமியார் எனக்கு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வாசித்தேன். கடைசி வரை கேட்டுவிட்டுப் பணிவாகச் சொன்னான்: “பெரியப்பா, அந்த நாலு எல்லையை மட்டும் இன்னொருக்கா வாசிங்க.”

கிழக்கே இருபதடிப் பாதை. வடக்கே காசிமாயன் கொய்யாத் தோப்பு. மேற்கே வாய்க்கால். தெற்கே காலி மனை. நிறுத்தி நிதானமாக வாசித்தேன். எழுதிக்கொள்ளப் பேனா இல்லை என்றான். தாளையே கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கொய்யா பறிக்க வந்த காசிமாயன்தான் கதவு திறந்து கிடந்ததை முதலில் பார்த்தாராம். உள்ளே அவள் கிடந்த கிடையை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார், நான் சொல்ல வேண்டியதில்லை. ஆன்றோ சட்டைப் பையில் நீங்கள் எடுத்த தாள் என்னுடையது. எல்லைகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டதும் நான்தான். அவன் அங்கே போனால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்ததை மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒரே ஒரு விண்ணப்பம், சார். வெளியே பேப்பர்காரர்கள் நிற்கிறார்கள். பேரைப் போட்டுக்கொள்ளட்டும், வீட்டு விலாசம் மட்டும் வேண்டாம். ஐரினின் தம்பிகள் இரண்டு பேர் திருப்பூரிலிருந்து வந்து இறங்கி, நான் எந்தத் தெரு என்று விசாரிக்கிறார்களாம். அழகுபாண்டி தெரியாது என்று சொல்லிவிட்டானாம். அவனுக்கு நாகரிகம் தெரியும். ஆள் குடியிருக்கிற வீடு, சார். ஊருக்கு வாசித்துக் காட்டுகிற சமாசாரமா அது?