சத்தம் நின்றதும் திரும்ப வேண்டும்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை முதல் தாளில் என் கைப்பட எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தொன்று. கணவர் எலக்ட்ரீஷியன், மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். நான் மழலையர் கல்வியும் சிறப்புக் கல்வியும் சேர்ந்த பட்டயப் படிப்பில் மாணவியாக உள்ளேன். வகுப்பில் மற்ற எல்லாரும் சின்னப் பெண்கள் என்பதால் என்னைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். என்னை யாரும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவில்லை, நானாகத்தான் வந்தேன். நான் சொல்வதை நான் சொல்கிற மாதிரியே எழுத வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடப்பவள் என் வகுப்புத் தோழி. கல்யாணமானவள். வகுப்பில் அவள் பெயர் வாயாடி. பெயருக்கேற்றபடி வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்குக்கூட இரண்டு கையையும் ஆட்டித்தான் கேட்பாள். என் பக்கத்து இருக்கை அவளுடையது. எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பேனாவைத் திருப்பித் தரமாட்டாள், அது ஒன்றுதான் எனக்கு அவள்மேல் இருந்த கோபம்.

எங்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பவரை மேடம் என்று மட்டும் சொல்கிறேன், யாரென்று உங்களுக்குத் தெரியும். என் தங்கை மகனுக்குப் பேச்சு வராது. அவன் ஏழு வயது வரை ஒரு வாய்கூடத் தானாகச் சாப்பிட்டதில்லை. அவன் கையில் ஸ்பூனைப் பிடிக்க வைத்தது இந்த மேடம்தான். அன்றைக்கு என் தங்கை அழுத அழுகையைப் பார்த்துத்தான் இந்த வயதில் நானும் படிக்க வந்தேன். அவர் எது சொன்னாலும் எனக்கு அது வேதவாக்கு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேடத்தின் வகுப்பில் பாடத்தைப் புத்தகத்தில் படிப்பது குறைவு. நாங்களே குழந்தையாகவும் நாங்களே டீச்சராகவும் இருந்து பார்க்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு படியேறியிருக்கிறோம், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கதை கேட்டிருக்கிறோம். அந்த வாரம் எடுத்த பாடம், கண்டுகொள்ளாமல் விடுவது. நம் கவனத்தை இழுப்பதற்காகவே குழந்தை கத்தினாலும், தட்டைத் தட்டினாலும் டீச்சர் முகத்தைக் காட்டக் கூடாது. முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். சத்தம் நின்றதும் திரும்பி, கைதட்டிப் பாராட்ட வேண்டும். இது எல்லா இடத்திலும் சொல்லித்தருகிற முறைதான், மேடம் கண்டுபிடித்தது இல்லை.

சம்பவத்தன்று காலை வகுப்பில் மேடம் ஊட்டும் பயிற்சியையும் இந்தப் பாடத்தையும் ஒன்றாகச் சேர்த்தார். வாயாடி குழந்தை, நான் டீச்சர் என்று அவரே ஆள் பிரித்தார். உட்கார வைத்தால் சரிந்து விழுகிற பிள்ளைகளுக்கென்று ஒரு மர நாற்காலி எங்கள் செய்முறை அறையில் உள்ளது. அதில் மார்புக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை, கை வைக்கிற கட்டையில் பக்கத்துக்கு ஒரு வார், முன்னால் ஒரு பலகை. வளர்ந்த பிள்ளைகளுக்கான அளவு என்பதால் வாயாடியின் ஒல்லி உடம்புக்கு அது பொருந்தியது. மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் நான் மாட்டினேன். அதன் பிறகு மேடம் வந்து, "இவ வாயைக் கட்டினாலும் கை பேசுமே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு மணிக்கட்டிலும் வாரை இழுத்து மாட்டினார். எல்லாரும் சிரித்தோம். வாயாடிதான் அதிகமாகச் சிரித்தாள்.

அதன் பிறகு வாயாடி, "மேடம், எனக்குப் போதும்னா எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். மேடம், "அந்தக் குழந்தைக்குப் போதும்னு சொல்ல ஏதாவது வழி இருக்கா? இல்லல்ல? அப்ப உனக்கும் கிடையாது. அந்தத் தவிப்பு எப்படி இருக்கும்னு நீ தெரிஞ்சுக்கணும்" என்றார். இந்த வார்த்தைகளை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன அருமையாகச் சொன்னார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு மேடம் என்னிடம், முதலில் தப்பாக ஊட்டு, அப்போதுதான் தப்பு எதுவென்று உறைக்கும் என்றார். அவர் சொன்னபடி நான் நின்றுகொண்டு, மேலே இருந்து, அவள் தலையைப் பின்னால் சாய்த்து, விழுங்கினாளா என்று பார்க்காமல் மசித்த வாழைப்பழத்தை ஊட்டினேன். வாயாடி முகத்தைச் சுளித்து, தலையை ஆட்டி, நன்றாக நடித்தாள். அதன் பிறகு ரொட்டியின் ஓரத்துண்டு ஒன்றை அவள் வாயில் வைத்தேன். அவள் முழங்கையால் பலகையை இடித்தாள், காலால் உதைத்தாள். மேடம், "பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டா. டீச்சர், திரும்பு" என்றார். நான் திரும்பினேன்.

எதிர்ச் சுவரில் பழங்களின் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் பலகை இடிபடும் சத்தம் பலமாகக் கேட்டது. ஒருத்தி, "அய்யோ, வாயாடிக்குப் பரிசு குடுக்கலாம்" என்றாள். மேடம், "யாரும் முகத்தைக் காட்டாதீங்க, எல்லாரும் கீழ பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதன் பிறகு சத்தம் குறைந்தது. அதன் பிறகு நின்றது. சத்தம் நின்றதும் பாடத்தில் சொன்னபடி நான் கைதட்டிக்கொண்டே, "சமத்து! என் சமத்துக் குட்டி!" என்று சொல்லித் திரும்பினேன். வகுப்பு முழுவதும் கைதட்டியது.

அவள் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. கைதட்டல் இன்னும் நிற்கவில்லை, என் கையும் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் நின்றது.

மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் கழற்றிவிட்டேன். மணிக்கட்டு வார் இறுகிப்போய் வரவில்லை. கத்தரிக்கோல் என்று கத்தினேன். கொண்டுவந்து கொடுத்தார்கள். அது குழந்தைகள் காகிதம் வெட்டுகிற மொன்னைக் கத்தரிக்கோல். வாரை அது மென்றதே தவிர வெட்டவில்லை. பொம்மையை வைத்து எங்களுக்கு முதலுதவி சொல்லித்தந்திருக்கிறார்கள். பொம்மையை நாற்காலியில் கட்டிவைத்து யாரும் சொல்லித்தரவில்லை. கடைசியில் நாற்காலியோடு அவளை முன்னால் சாய்த்துப் பிடித்து முதுகில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். வாட்ச்மேன் ஓடிவந்து வார் அடித்திருந்த கட்டைகளையே பிடுங்கி எடுத்தார். அதன் பிறகு தரையில் கிடத்தினோம், அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. மேடம் அதுவரை சுவரோடு ஒட்டி, பேயறைந்த மாதிரி நின்றார். ரொட்டித் துண்டை ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். உயிர் இருக்கிறது, மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்திருக்கிறது, கண் விழித்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, நான் இருக்கேன்" என்றார். நானும் அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

மறுநாள் எங்களைக் கல்லூரி முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். முதல்வர், "பயிற்சிக்கு முன்னாடியே மேடம் அடையாளம் சொல்லியிருக்காங்க. கஷ்டமா இருந்தா வலது கையைத் தூக்கணும்னு. அந்தப் பொண்ணும் தூக்கியிருக்கு. ஊட்டினவங்க கவனிக்கல. அவ்வளவுதானே?" என்றார். மேடத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் திரும்பவில்லை. சத்தம் போட்டேன், மேசையைத் தட்டினேன், அப்போதும் திரும்பவில்லை.

என்னைத் தவிர எல்லாரும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பரிசு கொடுக்கலாம் என்று சொன்னவளும் போட்டாள். வெளியே வந்ததும் ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பெரியக்கா, காலேஜை மூடிட்டா எங்க படிப்பு என்ன ஆகும்? நீங்க வயசானவங்க, கவனிக்கலன்னா விபத்துன்னு விட்டுருவாங்க" என்றாள். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். இங்கே எழுத முடியாத வார்த்தைகளும் சொன்னேன். அவள் அழுதாள். அவளும் என் மகளும் ஒரே உயரம்.

அதன் பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கல்லூரியில் இருந்து எனக்கு முன்பே ஆள் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார்கள். வாயாடியின் கணவர் சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், அதுகூடத் தெரியாமல் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மெதுவாக, "கையைத் தூக்கிக் காட்டினாளாமே அக்கா. உங்களை நம்பித்தானே காட்டியிருப்பா" என்று மட்டும் கேட்டார். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. நான்தான் திரும்பி நின்றேனே, தூக்கியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

அப்போது நர்ஸ் அவளைப் பார்க்க உள்ளே விட்டார். போர்வைக்கு வெளியே அவளுடைய இரண்டு கைகளும் கிடந்தன. அந்தக் கைகள் ஆடாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அவள் கணவரைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க வந்து பாருங்க" என்றேன். இரண்டு மணிக்கட்டைச் சுற்றியும் வார் அறுத்துத் தோல் உரிந்து, வலது பக்கம் உள்சதை தெரிந்தது. இந்தக் கையில் வாரை மாட்டியது யார், மாட்டும்போது என்ன சொன்னார் என்பதை நான் அவரிடம் சொன்னேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் நான் இங்கே வந்தேன்.

அதிகாரி என்னிடம், இப்படிச் சொன்னால் உங்கள் மீதும் வழக்கு வரும், தெரியுமா என்று கேட்டார். தெரியும். ஊட்டியது நான், முதுகைக் காட்டி நின்றது நான். அதை மறைக்கவோ, மேடத்தைச் சிறையில் போடுங்கள் என்று கேட்கவோ நான் வரவில்லை. என் தங்கை மகன் இன்றைக்குக் காலையிலும் அந்த மேடம் சொல்லிக்கொடுத்தபடிதான் சாப்பிட்டான். ஆனால் அடையாளம் என்று எதுவும் எங்களிடம் சொல்லப்படவில்லை. கை தூக்கினால் போதும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலேயே அவள் கையைத் தூக்கப் பார்த்திருக்கிறாள். வார் தோலை அறுத்த பிறகும் தூக்கப் பார்த்திருக்கிறாள். அப்போது நாங்கள் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம்.

மேலே கண்டதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே உள்ளது. யாருடைய மிரட்டலுக்கும் தயவுக்கும் ஆட்படாமல், நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன் என்று உறுதிகூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)