இழுபட்ட மாவு

தொட்ட மாத்திரத்தில் மாவின் குணத்தைச் சொல்லிவிடுவேன், ஐயா. கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் ரொட்டிக் கடையில் மாவு பிசைவது நான்தான்.

என் ஓரகத்தியின் மகளுக்குக் கோதுமை ஆகாது. துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்றார் டாக்டர். அதனால் ஓரகத்தி அரிசி மாவில் ரொட்டி சுட ஆரம்பித்தாள். தனி அடுப்பு, தனி சல்லடை, நீல மூடி போட்ட தனி டப்பா. முதலில் சுட்டதெல்லாம் தொட்டாலே உதிர்ந்தது. அப்போது அவளுக்கு மனதார ஆறுதல் சொன்னேன்.

பிறகு மாவு ஒட்டிப்பிடிக்க இசப்கோல் உமியை ஊறவைத்துச் சேர்த்தாள். ரொட்டி கொஞ்சம் தேறியது. அதற்கே வீட்டில் எல்லோரும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். என் வீட்டுக்காரர் ஒரு துண்டை மென்றுகொண்டே, "உன் கைக்கு இந்தப் பக்குவம் வரலையே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

மறுநாள் நீல மூடியைத் திறந்து கடையிலிருந்த கோதுமை மைதாவை அள்ளிக் கலந்தேன். பிள்ளைக்கு வயிறு வலித்தால் அந்த அடுப்பை மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"அக்கா, இங்க பாருங்க, இழுத்தா இழுபடுது. ஊறவச்சது வேலை செய்யுது" என்று ஓரகத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். அரிசி மாவு அப்படி இழுபடாது. ஆசை அவள் கண்ணை மறைத்துவிட்டது.

பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். பாலை நிறுத்தினார்கள், முட்டையை நிறுத்தினார்கள். பெற்றவள் கையால் சுட்ட ரொட்டியை யார் சந்தேகப்படுவார்கள்? நான் கலப்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ரொட்டி மறுபடி உதிருமே.

"வயிறு வலிக்குது பெரியம்மா" என்பாள். மடியில் வைத்து, "மெத்துன்னு இருக்கு பாரு, இன்னொரு வாய் வாங்கிக்கோ கண்ணு" என்று நான்தான் ஊட்டினேன். என்னிடம்தான் அடம்பிடிக்காமல் சாப்பிடுவாள்.

பிள்ளை போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுதான் பாடினார்கள். "கடைசிவரைக்கும் அம்மா ரொட்டியத்தான் ஆசையா சாப்பிட்டாளாம். அப்படி ஒரு ரொட்டியாம்." பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் பெயர் அவளுக்குத்தான். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானாகவே எழுந்து இங்கே வந்தேன்.

குற்றத்தை உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் அந்த ரொட்டி மெத்தென்று வந்தது என்னால்தான் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.