குண்டூசியின் அடுத்த பாட்டு

டீயில் சர்க்கரை குறைவாக இருந்தாலும் எதுவும் சொல்லாமல் குடித்துவிடுகிற ஆள் நான். அதிகமாக இருந்தாலும் அப்படித்தான். இருபத்திரண்டு வருடம் ஒரே தையல் கம்பெனியில், ஒரே ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தவனுக்கு அது தானாக வந்துவிடும், மேடம். மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் கம்பி வலை. வலையில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாக நூல்கண்டு, ஊசி, பொத்தான் எடுத்துக் கொடுப்பேன். கட்டிடத்தின் சாவிகளும் என் பொறுப்பு.

எனக்குப் பாட்டுப் பைத்தியமெல்லாம் கிடையாது. என் மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இயர்ஃபோனை என் காதில் செருகினாள்.

“என்னம்மா இது, யாரோ சண்டை போடற மாதிரி இருக்கு?”

“இதுதான் ஹிப்ஹாப். பின்னால கம்பெனி கிடையாது, சினிமா கிடையாது. அவங்களே எழுதி, அவங்களே பாடி, நெட்ல போடறாங்க. வார்த்தையைக் கவனிங்கப்பா. உங்க இடத்துல வேலை பார்க்கறவங்கதான்.”

கவனித்தேன்.

‘தீ வந்தா ஓடுன்னு சுவத்துல படம் இருக்கு,
ஓடிப்போய்ப் பார்த்தா கதவுல பூட்டு இருக்கு.
நூலை எண்ணுறான், துணியை எண்ணுறான்,
உள்ள இருக்கற எங்களை எவன் எண்ணுறான்?’

பாடியவள் குண்டூசி என்ற பெயரில் பாட்டுப் போட்டிருந்தாள். மாடியில், பொத்தானுக்குத் துளை போடும் காஜா மெஷினில் வேலை. பக்கத்து மெஷினில் அவள் அக்கா. ஒடிசலான பெண். என்னிடம் “நூல் வேணும் அண்ணா” என்பதற்கு மேல் பேசியதில்லை. பாட்டுக்குத் தாளமே தையல் மெஷின் சத்தம்தான். அத்தனை வருடம் எனக்குத் தலைவலி தந்த சத்தம், அவள் சொற்களுக்கு அடியில் ஓடியபோது நெஞ்சு துடிப்பதுபோல் இருந்தது.

பாட்டில் வந்த பூட்டு மாடியின் பின்பக்க அவசரக் கதவில் தொங்கியது. துணி திருடு போகிறது என்று முதலாளி பூட்டச் சொல்லியிருந்தார். பூட்டியவன் நான். அதையும் அவள் விடவில்லை. ‘சாவிக்காரர் தங்கமானவர், வணக்கம் சொல்லுவார், வணக்கம் சொன்ன கையாலேயே பூட்டைப் போடுவார்.’ எனக்குக் கோபம் வரவில்லை. என்னை ஒருத்தி இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறாளே என்று கண் கலங்கியது. என் வீட்டில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு பேருந்திலும் ஸ்டோரிலும் அவள் குரல்தான். அவளைப்போல் பாடுகிற மற்றவர்களையும் மகள் காட்டினாள். ஒருவன் ஆஸ்பத்திரி வரிசையைப் பாடினான், ஒருத்தி காலி செய்யச் சொன்ன வீட்டைப் பாடினாள். சினிமாப் பாட்டு என்னைத் தட்டித் தூங்கவைக்கும். இது சட்டையைப் பிடித்து எழுப்பி, நீ எந்தப் பக்கம் என்று கேட்டது. கம்பி வலைக்குள் உட்கார்ந்துகொண்டே மூச்சு விட முடிந்தது.

பாட்டு ஊரெல்லாம் பரவியது. அதிகாரிகள் வந்தார்கள். பூட்டை எடுத்தோம். மாடியில் புதிதாக எட்டு மின்விசிறிகள் மாட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் மழையைப் பாடினாள். தூக்கத்தைப் பாடினாள். ஒரு காதல் பாட்டும் வந்தது. ஒன்றிலும் உயிர் இல்லை. நூல் வாங்க வந்தவளிடம் கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, முன்ன மாதிரி எழுதறதில்லையே?”

சிரித்தாள். “இப்பதான் அண்ணா கொஞ்சம் காத்து வருது. சந்தோஷமா நாலு பாட்டு எழுதிக்கறேனே, விடுங்க.”

அவள் விடச் சொன்னாள். என்னால் விட முடியவில்லை. வீட்டிலிருந்து ஸ்டோர், ஸ்டோரிலிருந்து வீடு. நடுவில் எனக்கென்று இருந்த ஒரே ஜன்னலையும் அவள் சாத்திவிட்டாள்.

ரிப்பேர் என்று சொல்லி நான்கு மின்விசிறிகளை நிறுத்தினேன். அந்த வாரமே எட்டு வரி வந்தது. நல்ல வரிகள். ஆனால் எட்டுதான். அதனால் பழைய பூட்டைத் தேடி எடுத்தேன். இந்த முறை யாரும் சொல்லவில்லை, நீங்கள் முதலாளியை விசாரிப்பது வீண். காலையில் வேலை தொடங்கியதும் அந்த அவசரக் கதவை வெளியிலிருந்து பூட்டுவேன். சாயங்காலம் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது திறப்பேன். யாராவது ஒருநாள் தள்ளிப் பார்ப்பார்கள், அவளிடம் சொல்வார்கள், அவள் எழுதுவாள் என்று காத்திருந்தேன். பதினோரு நாள் யாரும் தள்ளிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் மூன்று பத்துக்கு அவள் நூல் வாங்கக் கீழே வந்திருந்தாள். அப்போதுதான் மாடியில் இஸ்திரி மேசைப் பக்கம் வயர் தீப்பிடித்தது. வெட்டிப்போட்ட துணிக் குவியல் பக்கத்திலேயே இருந்தது. முன்படிக்கட்டு முழுக்கப் புகை. சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். மற்றவர்கள், சுவரில் போட்டிருந்த படத்தை நம்பிப் பின்கதவுக்குப் போனார்கள்.

அவள் பின்படியில் ஏறி ஓடினாள். நானும் பின்னால் போனேன். கதவு உள்ளிருந்து அதிர்ந்துகொண்டிருந்தது. பூட்டைப் பிடித்து இழுத்தபடி திரும்பினாள்.

“அண்ணா, சாவி! உள்ள அக்கா இருக்கா!”

“சாவி ஆபீஸ்ல இருக்கும்மா,” என்றேன்.

அவள் நம்பி ஓடினாள். ஆபீஸ் கட்டிடத்தின் மறுமுனையில் இருக்கிறது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவள் போன பிறகு அந்தக் கதவின் முன் நான் மட்டும் நின்றேன். பயத்தில் கை ஓடவில்லை என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அது உண்மையில்லை. கை நன்றாகத்தான் இருந்தது. திறந்துவிட்டால் மறுநாள் இன்னொரு மழைப் பாட்டு வரும் என்று நினைத்தேன்.

கதவின் அதிர்வு நின்றது. அதற்குப் பிறகுதான் கீழே இறங்கினேன். ஏழு பேர். அவள் அக்கா கதவுக்கு மிக அருகில் கிடந்தாளாம்.

ஐந்து மாதமாக அவள் ஒரு வரிகூட எழுதவில்லை, வாய் திறந்து பேசுவதே இல்லை என்கிறீர்கள். பெரிய பாட்டுக்கு நேரம் பிடிக்கும், மேடம். அதற்காகத்தான் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நேரத்தையும் நான் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே எழுதி அவளுக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். எழுத உட்காரும்போது அவளுக்கு உபயோகப்படும்.